‘அப்’ என்றால் மேலே அல்ல

தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் பகல் பத்தரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ரயில் நிலையத்தின் பெரிய கூரை அதுவரை சூரியனை மறைத்துக்கொண்டிருக்கும். பத்தரைக்குக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கி முதலில் குடைகளின்மேல் விழும். பிறகு தொப்பிகள், பிறகு ஒற்றைக் காலணிகள். பதினொன்றேகாலுக்கு அது கடிதம் எழுதும் மேசைக்கு வந்து சேரும்போது, அங்கே இருக்கும் பெண்மணி தட்டச்சுப்பொறியின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்களுக்கு உட்கார்ந்தபடியே தூங்குவதுபோல் இருக்கும். பெரும்பாலும் அவர் ஒரு சிறு ஆங்கிலச் சொல்லை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஏணி’ என்று பெயர். அவர் குள்ளம். பெயருக்குக் காரணம் உயரம் இல்லை.

இருபத்திரண்டு வயதில் அவர் அங்கே சேர்ந்தது அட்டை கட்டத்தான். ரயில் பெட்டிகளில் யாரோ விட்டுப்போன ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் எழுதி, நூல் கோத்து, அலமாரியில் வைக்க வேண்டும். பதினோரு வருடம் அட்டை கட்டினார். கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இவரைத் தட்டச்சுப்பொறியின் முன்னால் உட்கார வைத்தார்கள். பல மொழி பேசும் ஊர்களை ரயில்கள் கடந்து போவதால், உரிமையாளர்களுக்குப் போகும் கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம் என்று சொல்ல மாட்டேன். கவனமான ஆங்கிலம். அதைக் கற்றுக்கொடுத்ததும் ஒரு தொலைந்த பொருள்தான். யாரோ இருக்கையில் விட்டுப்போன இலக்கணப் புத்தகம் ஒன்று தொண்ணூறு நாள் காத்திருந்து, யாரும் தேடி வராததால் ஏலத்துக்குப் போய், ஏலத்திலும் யாரும் சீண்டாமல் திரும்பி வந்தது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில் நடுவே பத்தொன்பது தாள்கள் இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்தால் அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்று தெரிந்தது: சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் வினைகள்.

அந்த வினைகள் வராத கடிதமே கிடையாது என்பதுதான் சிக்கல். ‘லுக்’ என்றால் பார். அதன் பின்னால் ‘ஆஃப்டர்’ வந்து நின்றால் பார்த்துக்கொள். ‘ஃபார்’ வந்தால் தேடு. ‘இன்டு’ வந்தால் விசாரி. கண் ஒன்றுதான், வேலை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பிற்பகல்களில், நீண்ட ரயில் ஒன்று நடைமேடையை விட்டுப் போய் அலுவலகத்தின் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கும் நேரத்தில், அந்தச் சிறு சொற்கள் குருவிகளைப்போல வந்து வினைகளின் தோளில் உட்காருவதாக அவருக்குத் தோன்றும். உட்கார்ந்த குருவியின் எடையில் வினை ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது.

இல்லாத தாள்களுக்குப் பதிலாக அவர் தாமாகவே ஒரு விதி செய்துகொண்டார். ‘ஈட் அப்’ என்றால் சாப்பிட்டுவிடு. ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு. ‘லாக் அப்’ பூட்டிவிடு, ‘க்ளீன் அப்’ துடைத்துவிடு. எத்தனை எடுத்துப் பார்த்தாலும் சரியாகவே இருந்தது. ஆகவே ‘அப்’ என்பது மேலே இல்லை, தமிழில் நாம் வினைக்குப் பின்னால் போடும் ‘விடு’. வேலை முடிந்தது என்று சொல்லும் சொல். இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷம் தாங்காமல், கிடங்கில் மூட்டை இறக்கும் பெரிய உடம்புக்காரரிடம் சொல்லியும்விட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தவர்.

“அப்னா மேலதானக்கா?”

“மேல இல்லண்ணே. முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

“சாப்பாட்டையும் மேல ஏத்துறீங்க, பூட்டையும் மேல ஏத்துறீங்க. நீங்க என்ன ஏணியா?”

அதிலிருந்துதான் ‘ஏணி’.

அந்த விதி பாதிதான் தவறு. முழுத் தவறாக இருந்திருந்தால் முதல் மாதமே பிடிபட்டிருக்கும். பாதி சரியான விதி பன்னிரண்டு வருடம் ஓடியது. ‘பேக் அப்’, ‘டை அப்’, ‘சைன் அப்’ எல்லாம் தபாலில் போய்வந்தன. மேலதிகாரி கடிதங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். பொருள் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை.

பிறகு ஒரு கறுப்புத் தோல் பை வந்தது.

மழைக்காலத்தின் முதல் வாரத்தில், கடைசி நிறுத்தத்தில் பெட்டி கழுவியவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத அவர்தான் திறந்தார். ரப்பர் ஆப்புகள், சிவப்புக் கம்பளித் துணியில் நீளமான கீற்றுகள், மரப்பிடி போட்ட ஓர் இரும்பு நெம்புகோல், ஓர் இசைக்கவை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இசைக்கவையை அவர் பார்த்ததில்லை. மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டிக் காதருகே பிடித்தார். குடைகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுரம் எழுந்து, மெலிந்து, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது. அது நின்ற பிறகும் வெகுநேரம் காதருகேயே பிடித்திருந்தார்.

ஆறாவது வாரத்தில் உரிமையாளரின் படிவம் வந்து சேர்ந்தது. தவறான ஊர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றி வந்திருந்தது. வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். தொலைபேசி என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார். ‘அடையாளம்’ என்ற இடத்தில் நெம்புகோலின் பிடியைப் பற்றி எழுதியிருந்தார்: முப்பத்துநான்கு வருடத்தில் அது தம் உள்ளங்கைக்குத் தேய்ந்திருக்கிறது, வேறொன்றை வைத்துத் தம்மால் வேலை செய்ய முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டார். ஏணி அக்கா பையைத் திறந்து பிடியைத் தம் கையில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. கட்டைவிரல் இருக்க வேண்டிய பள்ளம் எங்கோ இருந்தது.

அன்றே கடிதம் எழுதினார். வழக்கமான கடிதம்தான். எல்லாக் கிடங்குகளிலும் தேடினோம், உங்கள் பையை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள், இத்துடன் இருக்கும் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். படிவம் வந்ததும், வந்து எடுத்துக்கொள்ளும்படி அட்டை அனுப்புவது முறை. நடுவில் உள்ள வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது அவருக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. கொடு என்றால் ‘கிவ்’. விடு என்றால் ‘அப்’. “யுவர் பேக் ஈஸ் கிவன் அப்.” மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. படிவம் இல்லை, ஒரு சிறு தாள் மட்டும். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. எனக்கு வயது அறுபத்தொன்று. “ஐ ஆம் கிவிங் இட் அப் டூ.” அவ்வளவுதான். இதையும் அவர் தம் விதிப்படியே படித்தார்: நானும் அதைக் கொடுத்துவிடுகிறேன். எதை? படிவத்தைத்தான். வேறெதை? படிவத்தை வைக்க மறந்திருக்கிறார், தனியாக வரும். வயதை ஏன் எழுதினார் என்பதுதான் கொஞ்சம் விளங்கவில்லை. வயதானவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

படிவத்துக்காகக் காத்திருந்தார். தபால்காரர் வரும் நேரத்தில் வெயில் காலணிகளைத் தாண்டிக்கொண்டிருக்கும். வெறும் கையோடு அவர் திரும்பும்போது மேசைக்கு வந்திருக்கும். இப்படி மூன்று வாரத்துக்கு மேல் போனது.

பை வந்த எழுபத்தாறாம் நாள், ஏலத்துக்கு முன்னால் மூட வேண்டிய கோப்புகளை மேலதிகாரி கேட்டார். உரிமையாளர் கிடைக்காத, பொருள் கிடைக்காத கோப்புகளின்மேல் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி மூடுவார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் அவர் ஒட்டியிருக்கிறார். சீட்டின் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். இடப்பக்கமே போதுமாக இருந்ததால் வலப்பக்கத்தை அவர் படித்ததே இல்லை. அன்று பசை காயட்டும் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தவர், எதையும் எண்ணாமல் வலப்பக்கத்தைப் பார்த்தார். தமிழில் ‘தேடல் கைவிடப்பட்டது’. அதற்கு நேரே, ‘கிவன் அப்’.

முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தார். பிறகு ‘கைவிடப்பட்டது’ என்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அதற்குள்ளும் ஒரு ‘விடு’ இருந்தது. அவருடைய விதி சொன்ன அதே இடத்தில்தான் இருந்தது. முகம் மட்டும் வேறு. பன்னிரண்டு வருடம் தினம் பார்த்த ஒருவரைக் கூட்டத்தில் பின்பக்கமிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகுதான் அந்தச் சிறு தாளை எடுத்து மறுபடி படித்தார். இப்போது வயதை ஏன் எழுதினார் என்று விளங்கியது. பை அலமாரியில் ஏழாம் தட்டில் இருந்தது. அங்கே அந்த ஊரில் ஒரு மனிதர், பை இல்லை என்று நம்பி, தம் தொழிலையே விட்டுக்கொண்டிருந்தார்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் நல்லவருமில்லை, கெட்டவருமில்லை. கோப்புகள் மூடியிருந்தால் நன்றாகத் தூங்குபவர்.

“அவரே வேண்டாம்னு எழுதிட்டாரும்மா. மூடிருங்க.”

“நாம கைவிட்டுட்டோம்னு எழுதினதாலதான் சார் அவர் வேண்டாம்னு எழுதியிருக்காரு.”

மேலதிகாரி முதல் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். “கீழ கையெழுத்து யாரோடது?” என்று கேட்டார்.

“உங்களோடது சார்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைய தபாலிலேயே இன்னொரு கடிதம் போகட்டும் என்றார். ஆனால் தொண்ணூறு என்றால் தொண்ணூறுதான், ஏலக்காரரிடம் தம்மால் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஊருக்குத் தபால் போக ஐந்து நாள்.

அன்றைய தபாலில் போகவில்லை. தட்டச்சுப்பொறியின் முன்னால் உட்கார்ந்தால் எந்த வினையைத் தொட்டாலும் அதன் பின்னால் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. ‘கம் டு பிக் அப்’ என்று எழுதி, அந்த ‘அப்’பைப் பார்த்ததும் தாளை உருவிக் கசக்கினார். நேற்றுவரை நம்பிய சொல்லை இன்று சரியான இடத்தில் பார்த்தாலும் பயமாக இருந்தது. நான்கு தாள்கள் போயின. தபால்பையும் கட்டிப் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டில் சொன்னார். கணவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர். அவர் தேநீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். திரைச்சீலை தைக்கும் நாத்தனார், தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார்.

“நீங்க எழுதினதுக்கு என்னதான் அர்த்தம் அண்ணி?”

“கைவிட்டுட்டோம்னு.”

“பையையா, ஆளையா?”

கணவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்து கோப்பைக்குள் பார்த்தார்.

நாத்தனார் விடவில்லை. ஆங்கிலத்தைக் குறை சொல்லி என்ன பயன், நம் பேச்சு மட்டும் என்ன வாழ்கிறது என்றார். “‘வந்துட்டான்’னா ஒண்ணு, ‘வந்து தொலைஞ்சான்’னா வேற. ரெண்டுலயும் ஆள் வந்தாச்சு. வெளியூர்க்காரன் கேட்டா வந்தவன் எங்க தொலைஞ்சான்னு உங்க ஆபீஸுக்குத்தான் தேடிக்கிட்டு வருவான்.” பிறகு ஊசியில் நூல் மாற்றுவதற்காக இயந்திரத்தை நிறுத்தினார். நின்ற இயந்திரத்தின் மௌனத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. “சரியா தெரியாத தையலைப் பெரிய துணியில போடாதீங்க அண்ணி. தெரிஞ்ச தையலைப் போடுங்க. அழகா இருக்காது, பிரியாது.”

நாத்தனாருக்கு ஆங்கிலத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அவர் சொன்னதில் பெரிய ஞானம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடிதம் எழுத வந்தது. சாப்பாட்டு மேசையிலேயே, விளக்கு வைக்கும் முன், கையால் எழுதினார். ஒற்றை வினைகள் மட்டும். உங்கள் பை இங்கே இருக்கிறது. நான் தவறான சொல் எழுதினேன். பை ஏழாம் தட்டில் இருக்கிறது. நெம்புகோல் அதில் இருக்கிறது, நான் பார்த்தேன். தொண்ணூறாம் நாளுக்குள் வாருங்கள். தேதி.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் பையை மட்டும் விடவில்லையே. தொழிலை விட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் அவரிடம் இல்லை. ‘டோன்ட் கிவ் அப் இட்’ என்று எழுதினார். ஏதோ நெருடியது. கோப்போடு கொண்டுவந்திருந்த அவருடைய சிறு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் ‘இட்’டை நடுவில் வைத்திருந்தார், ‘கிவ்’வுக்கும் ‘அப்’புக்கும் இடையில். கூட்டமான பெட்டியில் இரண்டு பெரியவர்கள் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைபோல அது இருந்தது. ஏன் அங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. காரணம் அந்தப் பத்தொன்பது தாள்களில் இருந்திருக்கும். அவர் வைத்த இடத்திலேயே வைத்து எழுதினார்: ப்ளீஸ் டோன்ட் கிவ் இட் அப்.

மறுநாள் மேலதிகாரி அந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எண்பத்திரண்டாம் நாள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எண்பத்தேழில் பதில் வந்திருக்கலாம். வரவில்லை. அந்த நாட்களில் ஏணி அக்கா யாருக்கும் ‘அப்’ போட்டு எழுதவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கூரையின் கண்ணாடியில் தண்ணீர் ஓட, வெளிச்சமும் அலை அலையாக வந்து பொருள்களின்மேல் போயிற்று. அலமாரிகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றின. குடைகள் எல்லாம் காய்ந்த குடைகள். அவர் ஏழாம் தட்டைப் பார்த்தபடி நிற்பார். பொருள் என்பது பொருளிலும் இருக்கிறது, சொல்லிலும் இருக்கிறது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா? ஒன்று பத்திரமாகத் தட்டில் இருக்கும்போதே மற்றொன்று தொலைந்துபோக முடியும் என்பதை அவர் அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டார்.

எண்பத்தொன்பதாம் நாள் மூட்டை இறக்குபவர் ஒரு யோசனை சொன்னார். “தொலைஞ்ச பொருளை நாமளும் ஒருதரம் தொலைச்சிட்டா என்ன? எந்தப் பதிவுலயும் வராதுக்கா.” அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏணி அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு, அந்த மனிதருக்கு ஏற்கெனவே ஒரு பொய் எழுதியாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தொண்ணூறாம் நாள் ஒன்பது மணிக்கு ஏலக்காரரின் ஆட்கள் வந்தார்கள். மூட்டை இறக்குபவர் பட்டியலை வாசித்து ஒவ்வொரு பொருளாகக் கொடுத்தார். அவ்வளவு நிதானமாக அவர் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு குடையையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மடித்துக் கொடுத்தார். பதினோரு மணிக்குக் குடைகள்தான் முடிந்திருந்தன. ஏழாம் தட்டு அவர் வரிசையில் கடைசித் தட்டானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குக் கவுண்டருக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். மெலிந்தவர், நனைந்த மேல்சட்டை. தொப்பியைக் கழற்றவில்லை. கவுண்டரின்மேல் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்து, எதை நம்புவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் வழியிலேயே தீர்ந்துவிட்டவர்போல் இருந்தார்.

ஏணி அக்கா போய்ப் பையைக் கொண்டுவந்து வைத்தார்.

வந்தவர் இசைக்கவையைப் பார்க்கவில்லை, ஆப்புகளை எண்ணவில்லை. நெம்புகோலை எடுத்துக் கையை மூடினார். விரல்கள் தேட வேண்டியிருக்கவில்லை. மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கவுண்டரில் வரிசை சேர்ந்தது. மூட்டை இறக்குபவர் வரிசையில் நின்றவர்களைப் பக்கத்து ஜன்னலுக்கு அனுப்பினார், அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தும்.

பிறகு பைக்குரியவர் மெதுவாகச் சொன்னார். முதல் கடிதம் வந்த வாரமே தாம் நான்கு வீடுகளுக்கு இனி வர முடியாது என்று எழுதிவிட்டதாக. இரண்டாவது கடிதம் வந்து எட்டு நாள் அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக. முதல் கடிதத்தில் ஒரு தவறுகூட இல்லை, அதனால் நம்பினாராம்; கூட வந்த படிவம் கோப்பை மூடுவதற்கானது என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டாராம். இரண்டாவதைக் கையால் எழுதியிருந்தது, அதனால்தான் ரயில் ஏறினாராம்.

அஞ்சலட்டை கிடைக்குமா என்று கேட்டார். ஏணி அக்கா நான்கு அட்டைகள் கொடுத்தார். கவுண்டரிலேயே நின்றபடி மூன்றை எழுதினார். நான்காவதில் முகவரியைப் பாதி எழுதிவிட்டு நிறுத்தினார். அந்த வீட்டுக்கு வேறொருவர் போகத் தொடங்கிவிட்டார் என்றார். சொல்லும்போது ஏணி அக்காவைக் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கையெழுத்திட்டுப் பையை வாங்கிக்கொண்டு, பன்னிரண்டேகால் ரயிலுக்குப் போனார்.

மூன்று அட்டைகளையும் தபாலில் சேர்க்கும்படி விட்டுப்போயிருந்தார். அஞ்சலட்டையை யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? மூன்றிலும் ஒரே வரி: ஐ ஆம் டேக்கிங் இட் அப் அகெய்ன். ஏணி அக்கா அதை நின்ற இடத்திலேயே படித்தார். ‘டேக்’ என்றால் எடு. அதன் பின்னால் அதே ‘அப்’, நடுவில் அதே ‘இட்’. ஆனால் எடுத்துவிடுகிறேன் என்று படித்தால் யாரோ எதையோ அகற்றுவதுபோல் ஆகிவிடுகிறது. உதட்டுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். எடுத்துக்கொள்கிறேன். மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டரைக்குத் தபால்பெட்டியைத் திறப்பார்கள். நடைமேடையின் மறுகோடிவரை ஏணி அக்கா ஏறக்குறைய ஓடினார். மூன்று அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டார். முகவரி பாதியில் நின்ற நான்காவது அட்டை கையிலேயே இருந்தது. அதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தார்.